ரைஃபிள் ஸ்கோப் வாங்கப் போறீங்களா? எத்தனை ‘எக்ஸ்’ என்பது கடைசிக் கேள்வி!

துப்பாக்கி சுடுதல் இப்போது போலீஸுக்கும் ராணுவத்துக்கும் மட்டுமான விஷயமாக இல்லை. 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பிஸ்டல் பிரிவுகளில் பதக்கம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா சுடுதலில் மட்டும் மூன்று வெண்கலம் எடுத்தது. அதன் பிறகு வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் வார இறுதியில் ரேஞ்ச் பக்கம் தலைகாட்டுகிறார்கள்.

ஆர்வம் கொஞ்சம் சூடானதும் அடுத்த கேள்வி வந்துவிடும். ‘ப்ரோ, எந்த ஸ்கோப் வாங்கலாம்?’

ஆன்லைனில் தேடினால் 4-12, 6-24, 5-25 என்று எண்கள் வரிசை கட்டும். பெரிய எண் இருப்பதை வாங்கினால் தூரத்து இலக்கு பக்கத்தில் வந்துவிடும், அப்புறம் குறி தப்பாது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், தூர இலக்கைச் சுடும் போட்டிகளில் ஸ்கோப்பின் முதல் வேலை பெரிதாகக் காட்டுவது இல்லை. ஒரே இடத்தைத் துல்லியமாக, ஒவ்வொரு முறையும் மாறாமல் காட்டுவதுதான். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிப் பணம் மிச்சம். சில பேருக்கு முழுப் பணமுமே மிச்சம். எப்படி? பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்க போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டா?

தமிழ்நாட்டில் ஒரு கிளப்பில் சேரும் புதியவர் பெரும்பாலும் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி இந்தப் பிரிவில் துப்பாக்கி மேல் தொலைநோக்கி பொருத்தவே கூடாது. 50 மீட்டர் ரைஃபிளிலும் கூடாது. அந்தக் கூட்டமைப்பின் போட்டிகளிலேயே மிக நீளமான 300 மீட்டர் ரைஃபிளிலும் கூடாது. ஓடும் இலக்கைச் சுடும் பிரிவு மட்டும் விதிவிலக்கு.

அப்படியென்றால் எதை வைத்துக் குறி பார்க்கிறார்கள்? கண் பக்கம் ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம். துளை வழியாகப் பார்த்து, வளையத்துக்குள் கருப்பு வட்டத்தை நடுவில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். உருப்பெருக்கம் என்பதே கிடையாது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. பேனா முனை வைத்த புள்ளி அளவு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இதே இலக்கில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான். பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்தது 50 மீட்டரில், மூன்று நிலைகளில் சுடும் பிரிவு. இவர்கள் யாருடைய துப்பாக்கியிலும் ஸ்கோப் இல்லை.

ஆகவே மகளையோ தம்பியையோ ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்த்துவிட்டு, பிறந்தநாளுக்கு ஸ்கோப் வாங்கித் தரலாம் என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பணத்தில் நல்ல ஷூட்டிங் ஜாக்கெட்டோ, கூடுதல் பெல்லட்டோ வாங்கினால் அவர்களுக்கு உண்மையிலேயே உதவும்.

சரி, ஸ்கோப் எங்கேதான் தேவை?

உலக அளவில் மூன்று வகைப் போட்டிகளைச் சொல்லலாம்.

முதலாவது ‘எஃப் கிளாஸ்’. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சன் தொடங்கி வைத்ததால் அவர் பெயரின் முதல் எழுத்து இதற்கு வந்தது. படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, 1,000 கெஜம் வரை தள்ளியிருக்கும் இலக்கைச் சுடுவார்கள். 1,000 கெஜம் என்றால் 914 மீட்டர். அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் சுமார் 10 அங்குலம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானம் இந்த மாதிரி நீண்ட தூரப் போட்டிகளுக்குப் பேர் போனது.

இரண்டாவது ‘பெஞ்ச்ரெஸ்ட்’. மேசை மேல் துப்பாக்கியை வைத்து, குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பது. ஏர் ரைஃபிளிலும் இது உண்டு.

மூன்றாவது ‘ஃபீல்டு டார்கெட்’. ஏர் ரைஃபிளை வைத்து, வெவ்வேறு தூரங்களில், ஏறக்குறைய 50 மீட்டருக்குள் நிற்கும் உலோக இலக்குகளைச் சாய்ப்பது. தூரத்தை நாமே கணிக்க வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்று உங்கள் விருப்பம் என்றால் மேலே படிக்கலாம்.

பெட்டி மேல் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

‘6-24×50’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு எண்கள் உருப்பெருக்கம். 6 மடங்கில் இருந்து 24 மடங்கு வரை திருகி மாற்றலாம். கடைசி எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இந்த இரண்டையும் வகுத்தால் ஒரு முக்கியமான விடை கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 2. அதாவது 24 மடங்கில் உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 2 மி.மீ. மட்டுமே. 10 மடங்கில் அதுவே 5 மி.மீ. பட்டப்பகலில் நம் கண்மணியின் துளையே இரண்டு மூன்று மி.மீ.தான் திறந்திருக்கும், அதனால் பெரிய சிக்கல் தெரியாது. மாலை மங்கும்போது கண்மணி விரியும். வரும் ஒளி மட்டும் அதே 2 மி.மீ. படம் இருட்டாகிவிடும். தலை இம்மி நகர்ந்தாலும் படம் மறைந்து கருப்பு நிழல் வரும்.

இன்னொன்று, பார்க்கும் பரப்பு. 6 மடங்கில் 100 மீட்டரில் ஐந்தாறு மீட்டர் அகலம் தெரியும். 24இல் அது ஒன்றரை மீட்டருக்குச் சுருங்கும். வரிசையாக இலக்குகள் நிற்கும் ரேஞ்சில் பக்கத்து ஆளின் இலக்கைச் சுட்டுவிட்டு முழிப்பவர்கள் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘30 மி.மீ. டியூப்’, ‘34 மி.மீ. டியூப்’ என்றும் போட்டிருக்கும். டியூப் தடித்தால் வெளிச்சம் கூடும் என்று சிலர் சொல்வது தவறு. உள்ளே குறியை மேலும் கீழும் நகர்த்த இடம் கூடுதலாகக் கிடைக்கும். நீண்ட தூரத்துக்கு அதுதான் தேவை. ஏன் என்று கீழே வரும்.

கிரிவலப் பாதையில் ஒரு பாடம்

பெரிய எண் ஏன் எப்போதும் உதவாது என்பதற்கு லேப் தேவையில்லை. திருவண்ணாமலைக்குப் போனவர்களுக்கு அடி அண்ணாமலை தெரிந்திருக்கும். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே என்றால், இந்த ஊர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு அந்தப் பக்கம், ஆதி அண்ணாமலையார் கோயிலோடு இருக்கிறது. சித்திரை வெயிலில் காலை 11 மணிக்கு அங்கே தார் ரோட்டைப் பாருங்க. ரோட்டுக்கு மேலே காற்று தண்ணீர் மாதிரி நெளியும். தூரத்தில் வரும் ஆட்டோவின் சக்கரமே ஆடுவது போலத் தெரியும். நாம் கானல் என்று சொல்வது இதைத்தான்.

சூடான தரையை ஒட்டிய காற்றும் மேலே உள்ள காற்றும் ஒரே அடர்த்தியில் இருக்காது. அதனால் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. இப்போது இதை 24 மடங்கு பெருக்கினால் இலக்கு மட்டுமா பெரிதாகும்? நெளிவும் 24 மடங்காகும். கருப்பு வட்டம் கொதிக்கும் சாம்பார் மாதிரி குமிழும். அதனால்தான் அனுபவமுள்ள எஃப் கிளாஸ் வீரர்கள் வெயில் ஏற ஏற பெருக்கத்தைக் குறைக்கிறார்கள். 40 மடங்கு போகும் ஸ்கோப் கையில் இருந்தாலும் கானல் வந்துவிட்டால் பாதிக்கு இறங்கிவிடுவார்கள்.

இது சின்னக் கருவிகளுக்கு மட்டுமான தொல்லை இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும், நட்சத்திரம் எவ்வளவு கூர்மையாகத் தெரியும் என்பதை அன்றைய இரவின் காற்றுதான் முடிவு செய்கிறது. தரையில் நிற்கும் எந்தத் தொலைநோக்கிக்கும் இதே விதி.

கானலில் ஒரு நன்மையும் இருக்கிறது. நெளிவு எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தால் காற்றின் திசையும் வேகமும் ஓரளவு தெரிந்துவிடும். 16 கி.மீ. வேகத்தில் அடிக்கும் பக்கக் காற்று, 1,000 கெஜத்தில் 0.308 ரகக் குண்டை இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். இதை ஸ்கோப் கணிக்காது. சுடுபவர்தான் கணிக்க வேண்டும்.

மில்லா, எம்ஓஏவா?

தூரம் கூடக் கூட குண்டு கீழே இறங்கும். 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்த 0.308 ரைஃபிளில் 1,000 மீட்டருக்குச் சுட்டால் குண்டு பத்து மீட்டருக்கும் கீழே போய்விடும். மூன்று மாடி உயரம்! அதற்கு ஈடாகக் குறியை மேலே தூக்க வேண்டும். ஸ்கோப் மேலே இருக்கும் ‘டர்ரெட்’ என்ற திருகு அதற்குத்தான். ‘கிளிக் கிளிக்’ என்று திரும்பும்.

அந்த கிளிக்கின் அளவு இரண்டு முறைகளில் வரும்.

மில் முறையில், 1 மில் என்பது 1,000 மீட்டரில் 1 மீட்டர். 100 மீட்டரில் 10 செ.மீ. ஒரு கிளிக் வழக்கமாக 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 செ.மீ.

எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. ஒரு கிளிக் வழக்கமாக கால் எம்ஓஏ, 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ.

மீட்டரில் யோசித்துப் பழகிய நமக்கு மில் கணக்கு சுலபம். ஓர் உதாரணம். தீபத்தன்று மலை உச்சியில் வைக்கும் கொப்பரையின் உயரம் ஐந்தரை அடி, கிட்டத்தட்ட 1.7 மீட்டர். மில் கோடு போட்ட பைனாகுலரில் 2 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம்னு வெச்சுக்குங்க. கொப்பரை 0.85 மில் உயரத்துக்குத் தெரியும். கணக்கைத் திருப்பிப் போட்டால் தூரம் கிடைக்கும். 1.7ஐ 0.85ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் 2,000 மீட்டர். ஃபீல்டு டார்கெட் மாதிரி தூரம் தெரியாத போட்டிகளிலும் இந்த விகிதக் கணக்கு கைகொடுக்கும்.

பைனாகுலர் என்று சொன்னதைக் கவனிங்க. துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப் வழியாக மலையையோ மனிதரையோ வேடிக்கை பார்ப்பது கூடவே கூடாது. ஸ்கோப் பார்க்கும் இடத்தில்தான் குழலும் நீட்டிக்கொண்டிருக்கும்.

எதை எடுத்தாலும் சரி, ஒரு நிபந்தனை. உள்ளே தெரியும் கோடும் மேலே திருகும் டர்ரெட்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும். கோடு மில்லிலும் திருகு எம்ஓஏவிலும் உள்ள மலிவு ஸ்கோப்புகள் சந்தையில் உண்டு. போட்டி நடுவில் கால்குலேட்டர் எடுக்க நேரம் இருக்காது.

உண்மையான தரம் டர்ரெட்டில்

பத்து மில் திருகினால் குறி சரியாகப் பத்து மில் நகர வேண்டும். திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் இம்மியும் பிசகாமல் பழைய புள்ளியில் நிற்க வேண்டும். விலை கூடிய ஸ்கோப்புக்கும் மலிவானதற்கும் நடுவே பெரிய வித்தியாசம் இங்கேதான். 24 மடங்கு காட்டும் கண்ணாடியை மலிவாகச் செய்துவிடலாம். ஆயிரம் முறை திருகினாலும் ஏமாற்றாத திருகைச் செய்வது கஷ்டம்.

இதைச் சோதிக்க ஒரு குண்டுகூடச் செலவாகாது. துப்பாக்கியிலிருந்து கழற்றிய ஸ்கோப்பை அசையாத தாங்கியில் இறுக்கிக்கொள்ளுங்க. 100 மீட்டரில், அளந்தே வையுங்க, நேர்க்குத்தாக ஒரு மீட்டர் அளவுகோல் நிறுத்துங்க. பத்து மில் திருகினால் குறி அந்த ஒரு மீட்டரைச் சரியாகக் கடக்க வேண்டும். 96 செ.மீ.தான் நகர்ந்தது என்றால் 4 சதவீதப் பிழை. நாலு சதவீதம்தானே என்று விட்டால், 1,000 மீட்டரில் பத்து மில் திருகும்போது 40 செ.மீ. தவறும்.

எவ்வளவு தூரம் திருகலாம் என்பதும் முக்கியம். மொத்தம் 15 மில் நகரும் ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே ஏற ஏழரைதான் கிடைக்கும். மேலே சொன்ன 1,000 மீட்டருக்கு அது பத்தாது. அதற்காகத்தான் முன்பக்கம் சரிந்த, ‘20 எம்ஓஏ ரெயில்’ எனப்படும் தாங்கியைப் போடுகிறார்கள். அது கூடுதலாக 6 மில் அளவு தருகிறது. தடித்த டியூபின் அருமையும் இங்கேதான் தெரியும்.

ஆறாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இருக்கா?

அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியும், அது ‘இடமாறு தோற்றப் பிழை’ என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். ஸ்கோப்பில் ‘பாரலாக்ஸ்’ என்பது அதேதான். இலக்கின் பிம்பமும் குறிக்கோடும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், கண்ணைச் சற்று நகர்த்தினாலே குறி நகர்ந்தது போலத் தெரியும்.

துப்பாக்கி அசையாமல் இருக்கும்போது தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க. இலக்கின் மேல் கோடு நீந்தினால் பாரலாக்ஸ் சரியில்லை. பக்கவாட்டில் இருக்கும் குமிழைத் திருகி அதை நிறுத்தலாம். குமிழில் எழுதியிருக்கும் தூர எண்ணை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க.

ஏர் ரைஃபிள்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரிய துப்பாக்கிக்குச் செய்த பல ஸ்கோப்புகள் 50, 100 மீட்டருக்குக் கீழே தெளிவாகவே தெரியாது. 10 மீட்டர் வரை ஃபோகஸ் இறங்குமா என்று கேட்டு வாங்குங்க.

முன் தளமா, பின் தளமா?

எஃப்எஃப்பி என்றால் ஜூம் செய்யும்போது குறிக்கோடும் சேர்ந்து பெரிதாகும். எந்தப் பெருக்கத்திலும் மில் கணக்கு மாறாது. எஸ்எஃப்பி என்றால் கோடு ஒரே அளவில் நிற்கும். ஒரு குறிப்பிட்ட பெருக்கத்தில் மட்டுமே மில் கணக்கு சரியாக வரும்.

அப்படியானால் எஃப்எஃப்பிதான் உசத்தியா? அப்படிச் சொல்ல முடியாது. தூரம் தெரிந்த, நகராத வட்ட இலக்கைச் சுடும் எஃப் கிளாஸிலும் பெஞ்ச்ரெஸ்ட்டிலும் பலர் விரும்புவது எஸ்எஃப்பியைத்தான். மெல்லிய கோடு சின்னப் புள்ளியை மறைக்காது. தூரம் மாறிக்கொண்டே இருந்தால் எஃப்எஃப்பி வசதி.

ஸ்கோப்பைவிட முக்கியமான இரண்டு வளையங்கள்

பட்ஜெட் முழுவதையும் ஸ்கோப்பில் கொட்டிவிட்டு, பிடித்து நிறுத்தும் வளையத்தில் மிச்சம் பிடிப்பது நம் வழக்கம். வளையம் தளர்ந்தால் எந்த ஸ்கோப்பும் வீண். நல்ல மவுன்ட், அளவோடு இறுக்கும் டார்க் ஸ்பேனர், நேராகப் பொருத்த ஒரு நீர்மட்டம். இவற்றுக்கும் காசு ஒதுக்குங்க. ஸ்கோப் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், மேலே திருகும்போதே குறி பக்கவாட்டிலும் நகரும்.

இன்னொரு எச்சரிக்கை. இங்கே பலரிடமும் இருப்பது மடக்கி அழுத்தும் ஸ்பிரிங் ஏர்கன். அது சுடும்போது முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் அடிக்கும். பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த இரட்டை அடியில் உள்ளே உடைந்துபோகலாம். ‘ஸ்பிரிங் ஏர்கன் தாங்கும்’ என்று தயாரிப்பாளரே சொன்னதை மட்டும் வாங்குங்க.

போட்டி எடை வரம்பும் உண்டு. எஃப் கிளாஸில் ‘ஓப்பன்’ பிரிவுக்கு ஸ்கோப்போடு சேர்த்து 10 கிலோ, ‘டிஆர்’ பிரிவுக்கு 8.25 கிலோ. ஒரு கிலோ ஸ்கோப் வாங்கினால் அந்த ஒரு கிலோ வேறு எங்கோ குறைய வேண்டும்.

கடையில் என்ன பார்க்கணும்?

* வெளியே எடுத்துப்போய், பிரகாசமான வானத்துக்கு எதிரே இருக்கும் கட்டடத்தின் விளிம்பைப் பாருங்க. ஓரத்தில் ஊதா, பச்சைக் கோடு தடிமனாகத் தெரிந்தால் கண்ணாடி சுமார்.
* அதிகபட்சப் பெருக்கத்துக்குப் போங்க. படம் மங்கினால் அந்தக் கடைசி எண் விளம்பரத்துக்கு மட்டும்தான்.
* டர்ரெட்டைத் திருகுங்க. ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தனித்தனியாகத் தெரியணும்.
* கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்று பாருங்க. கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே பாருங்க.
* ரிப்பேர் எங்கே, எத்தனை வருட வாரன்டி என்று எழுத்தில் வாங்குங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. (0.177) குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அந்த அளவைத் தாண்டினால் உரிமம் வேண்டும். குண்டு போட்டுச் சுடும் ரைஃபிள் எதுவானாலும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து ஸ்கோப் வரவழைக்கும் முன் இறக்குமதி விதிகளை உங்கள் ரைஃபிள் சங்கத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சுங்கத்தில் மாட்டினால் பொருளும் போகும், பணமும் போகும்.

ஏர்கன்தானே என்று தோப்பிலும் மலையடிவாரத்திலும் முயல், மான், பறவைகள் மேல் கை வைத்தால் அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பின்னால் மண் தடுப்பு இல்லாத இடத்தில் அட்டையை வைத்துச் சுடுவதும் ஆபத்து. பெல்லட் அட்டையோடு நிற்காது. பயிற்சிக்கு ரேஞ்ச்தான் இடம்.

ஆகவே, எந்த வரிசையில் கேட்கணும்?

என் போட்டியில் ஸ்கோப் உண்டா? எவ்வளவு தூரம்? டர்ரெட் நம்பகமா, தேவையான அளவு ஏறுமா? பாரலாக்ஸ் என் தூரத்துக்கு இறங்குமா? மவுன்ட் உறுதியா? இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகு எத்தனை ‘எக்ஸ்’ என்று கேளுங்க.

வாங்குவதற்கு முன் கிளப்பில் யாரிடமாவது கேட்டு ஒருநாள் முற்பகல் வெயிலில் அவருடைய ஸ்கோப்பில் பாருங்க. பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எண்ணுக்கு மேல் இலக்கு தெளிவதற்குப் பதில் குழம்பத் தொடங்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க. நம்ம ஊர் வெயிலில் அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு ‘எக்ஸு’க்கும் கொடுக்கும் காசு, பெரும்பாலும் கானலைப் பெரிதாகப் பார்க்கக் கொடுக்கும் காசுதான்.